நாலே நாலு தேய்ப்பு

சோடாபுட்டி மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. வராத கலையை எழுபது வயதில் பழகப் போனதில், துப்பாக்கிப் பட்டறை வாசலிலேயே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நீளமான கான்வாஸ் பையை மேசைமேல் வைத்தார். தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இது என்னோட துப்பாக்கிம்மா. குழல் ரெண்டும் உள்ளே அரிச்சுப் போச்சு. இந்த வருஷம் மாத்தலைன்னா பரிசோதனை ஆபீஸ்ல வாங்கி வெச்சுக்குவாங்களாம். புதுக் குழல் ஜோடி வரவழைச்சாச்சு, பையிலேயே இருக்கு. பொருத்திக் குடுத்துட்டா போதும்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, மனப்பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் பையின் நாடாவை அவிழ்த்தாள். துப்பாக்கியின் மரக்கட்டை பாதி வெளியே வந்ததுமே கை நின்றுவிட்டது. கட்டையின் கழுத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம், அதில் நிறம் மங்கிய மெழுகு. பதினோரு வயதில், எண்ணெய் போட்டுத் துடைத்த துப்பாக்கியை அலமாரிக்கு எடுத்துப் போகையில், மாடிப்படியில் தவறவிட்டவள் அவள்தான். அன்றைக்கு அப்பா திட்டவில்லை. மெழுகை உருக்கி ஊற்றி, மேலே சாயம் தடவி, "அம்மா கிட்ட மூச்சு விடாதே" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்து மேசையில் மரம் இழைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் எழுந்து வந்தான். கட்டையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தான்.

"மாமா, நீங்க எப்போ இடதுகைக்காரர் ஆனீங்க?"

"ஏம்ப்பா?"

"இது இடது தோள்ல வெச்சுச் சுடறவருக்காகச் செதுக்கின கட்டை. பாருங்க, வளைவு எந்தப் பக்கம் போகுதுன்னு. நீங்க வலது கன்னத்தை இதுல சாய்ச்சீங்கன்னா கட்டை மூக்கு மேல ஏறும்."

"அது... பழகிடுச்சு."

"சரி, உரிமப் புத்தகத்தைக் குடுங்க," என்றாள் அவள். மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் அதன் முதல் பக்கத்தில் அவள் அப்பாவின் படம் ஒட்டியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பாதி வழியில் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அதற்குள் அவள் வாங்கிவிட்டாள்.

அப்பாவின் பழைய சிநேகிதரான மாமா ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் அப்பவே சொன்னேன், என்னால முடியாதுன்னு. உங்கப்பன் கேட்டாத்தானே?"

இந்த ஊரில் அவள் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துப்பாக்கி சுடும் கழகத்துக்கு இருபத்திரண்டு வருஷம் செயலாளராக இருந்தவர். பதவி போய்ப் பத்து வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் 'செக்ரட்டரி'தான். செக்ரட்டரியின் ஒரே மகள், கழகத்துத் துப்பாக்கிகளுக்குக் கட்டை செதுக்க வந்தவனைக் கட்டிக்கொண்டாள். அதையாவது காலப்போக்கில் விழுங்கியிருப்பார். கல்யாணமான மறுமாதமே அவளும் அரத்தைக் கையில் எடுத்து இரும்பு வேலைக்கு உட்கார்ந்தாளே, அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. "என் பொண்ணு கையில கரியா?" என்று கேட்டவர் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருஷம்.

அந்தக் கரியே அவளுக்குப் பேராகிவிட்டது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் கரிவிரல்.

"இன்னும் ஏதோ சொல்ல வந்து முழுங்கறீங்க மாமா," என்றாள்.

"ஒரு கண்டிஷன் போட்டார்."

"என்ன?"

"கட்டை செதுக்கறவன் கைதான் படணுமாம். நீ தொடக்கூடாதாம்."

கணவன் சிரித்துவிட்டான். "நான் இரும்பைத் தொட்டா இரும்புக்கும் கெடுதல், எனக்கும் கெடுதல். போன மாசம் ஒரு திருகாணி மாட்டப் போய் நகம் போச்சு."

கரிவிரல் சிரிக்கவில்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தாளைக் காட்டினாள். குழல் பொருத்த அரசாங்கம் கொடுத்த அனுமதி. அதன் கீழே கண்ணாடிப் பெட்டியில் விரல் நீள எஃகு முத்திரை, அவள் பேரின் இரண்டு எழுத்துகளோடு. அந்த முத்திரை அடிக்காத புதுக் குழலை எந்தப் பரிசோதகரும் தொட்டுப் பார்க்க மாட்டார். இந்த ஊரில் அப்படி ஒன்று இருப்பது அவளிடம் மட்டும்தான்.

"அவர்கிட்ட சொல்லுங்க. பொருத்தப் போறது நான். முத்திரை என்னோடது. பிடிக்கலைன்னா இதோ பை, இதோ வாசல்."

மாமா வாசலைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பையின் கனத்தை நினைத்தாரோ என்னவோ, "வெச்சுட்டுப் போறேம்மா," என்றார்.

*

ஒரு துப்பாக்கிக்குப் புதுக் குழல் பொருத்துவது சட்டைக்குப் பொத்தான் தைப்பது மாதிரி அல்ல. தொழிற்சாலையிலிருந்து வரும் குழல் ஜோடியின் அடியில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். அந்தக் கொக்கி துப்பாக்கியின் உடலிலுள்ள கீலைக் கவ்வ வேண்டும். கவ்வி மடங்கி மூடும்போது குழலின் பின்முகம் உடலின் முகத்தோடு முழுக்க ஒட்ட வேண்டும். நடுவே வெளிச்சம் புகுந்தால் குழல் தோற்றது. வெடிக்கும் தோட்டா பின்பக்கமாய் வாயுவைக் கக்கும், சுடுகிறவரின் கண்ணுக்குப் பக்கத்தில்.

எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ கையால் செய்த உடல். நேற்று எந்திரம் செய்த குழல். இரண்டுக்கும் அறிமுகமே கிடையாது. அறிமுகம் செய்து வைப்பது கரி.

சின்ன மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி, சுடரை உயர்த்தி, அந்தப் புகையைக் கொக்கியின் மேல் படிய விடுவாள். கரி படிந்த குழலை மாட்டி மூடுவாள், திறப்பாள். உடலின் இரும்பு எங்கே முட்டியதோ அங்கே கரி துடைபட்டுப் பளபளக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி விளக்கு, மறுபடி மூடல். ஒரு நாளைக்கு நூறு தடவை, நூற்றைம்பது தடவை. ஒரே ஒரு இழுப்பு அதிகமானாலும் போனது போனதுதான். இரும்பை எடுக்கலாம், திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

வேலை நடந்த பதினோரு நாளும் அவள் மேசையை விட்டு அதிகம் எழவில்லை. கணவன் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தால், கரிக்கையோடு அதைப் பார்ப்பாள். அவன் ஸ்பூனால் ஊட்டிவிடுவான்.

"வேற யார் துப்பாக்கியாவது இருந்தா இவ்வளவு தேய்ப்பியா?" என்று ஒருநாள் கேட்டான்.

"இதேதான் தேய்ப்பேன்."

"பொய்."

"சரி, பொய். வாயைத் திறக்கச் சொன்னா திறக்கறேன், கேள்வி கேக்காதே."

பதினோராம் நாள் சாயங்காலம், மூடித் திறந்தபோது கொக்கியின் வளைவு முழுவதும் ஒரே மாதிரி பளபளத்தது. குழலுக்கு அடியில் வரும் முன்கட்டையை மாட்டாமலே குழலைப் பிடித்து உலுக்கினாள். ஆடவில்லை. ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். வெளிச்சம் புகவில்லை.

பிறகு அவளுக்கென்று இருக்கும் கடைசி வேலை. கொக்கியின் உள்வளைவில், கரி கடைசியாகத் துடைபட்ட இடத்தில், ஊசிமுனை உளியை வைத்துச் சுத்தியால் மெல்ல ஒரு தட்டு. தலைமுடியின் பருமனில் பாதி ஆழத்துக்கு ஒரு புள்ளி. தெரியாதவர் கண்ணுக்குத் தூசி. அவளுக்கு அதுதான் 'இதோடு நிறுத்து' என்ற கோடு. இந்தப் புள்ளி முழுசாய் இருக்கும்வரை பொருத்தம் அவள் விட்டபடியே இருக்கிறது என்று அர்த்தம். எங்கே எவ்வளவு ஆழத்தில் புள்ளி வைத்தாள் என்பதைப் பூதக்கண்ணாடி வழியே படம் எடுத்து, வேலைத்தாளில் ஒட்டி, பரிசோதனை ஆபீசுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுவாள். எந்தச் சட்டமும் கேட்காத வேலை. அங்கே இருக்கிற குமாஸ்தாக்கள் இதை 'கரிவிரலின் பொட்டு' என்று கேலி செய்வார்கள்.

சோதனைச் சாலையில் துப்பாக்கியை இரும்புச் சட்டத்தில் கட்டி, மருந்து கூடுதலாய் அடைத்த தோட்டாக்களை இரண்டு குழலிலும் வெடித்துப் பார்த்தார்கள். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. தேறியதற்கு அடையாளம் அடித்துத் தந்தார்கள்.

சோடாபுட்டி மாமா வாங்கிப் போக வந்தபோது திறந்து பார்த்தார். திறக்கவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தினார். முனகிக்கொண்டே திறந்தது.

"என்னம்மா இவ்வளவு இறுக்கம்?"

"இறுக்கமாத்தான் இருக்கும். பழசு ஆடி ஆடித் தொளதொளன்னு இருந்தது, அதுக்கே அவர் கை பழகியிருக்கு. தினம் உக்காந்து திறந்து மூடச் சொல்லுங்க. மூவாயிரம் தடவை. தானா இளகும். வேற எதையும் கொண்டு அதைத் தொடக்கூடாது. அரம், தாள், எண்ணெய்க்கல், எதுவும். இதை அப்படியே சொல்லணும் மாமா."

"அப்படியே சொல்றேன்."

அப்படியே சொல்லியிருக்கிறார், பாவம். பிறகு தெரிந்தது. "ஐம்பது வருஷமா துப்பாக்கி பிடிக்கறவனுக்கு, திறந்து மூடக் கத்துக் குடுக்கறாளா?" என்று செக்ரட்டரி எகிறிக் குதித்தாராம்.

*

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் அந்தத் துப்பாக்கி தேறவில்லை. குழல் ஆடுகிறது, பின்முகத்தில் வெளிச்சம் தெரிகிறது. பொருத்தி ஒரு வருஷத்துக்குள் தளர்ந்த குழலுக்குப் பொருத்தியவரே பொறுப்பு. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. குறை பொருத்தியவர் மேல் என்று முடிவானால், முத்திரையை அங்கேயே ஒப்படைக்க வேண்டும்.

கணவன் இரண்டு தடவை படித்தான். "உரிமையாளர் புகார். அப்படின்னா உங்கப்பா."

"படிக்கத் தெரியும் எனக்கு."

அன்றைக்கு மத்தியானமே அம்மாவின் போன் வந்தது. இந்தப் பன்னிரண்டு வருஷமும் அம்மா காய்கறி வாங்கப் போகிற சாக்கில், கடை வாசலில் நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்குக் குரலே வேறாக இருந்தது.

"நான் சொல்றதைக் கேட்டுட்டு நீ கத்தக்கூடாது."

"சொல்லும்மா."

"உங்கப்பா ஒருநாள் பால்கனியில உக்காந்து, கறுப்பா ஒரு தாள் இருக்குமே, சொரசொரன்னு, அதை வெச்சு அந்தக் கொக்கியைத் தேய்ச்சாரு. 'கொஞ்சம் சுகமா திறக்கட்டும்'னாரு. நான் துணி உலர்த்திட்டு இருந்தேன், பார்த்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தாததுதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

"லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"இது வெளியே வந்தா உரிமத்தையே பறிச்சிடுவாங்களாமே? பொருத்தின இடத்துல கைவெச்சவங்களுக்கு மறுபடி குடுக்கவே மாட்டாங்களாம். சோடாபுட்டி சொன்னாரு. அவருக்கு எழுபத்து நாலு வயசுடி. அதுவும் போச்சுன்னா காலையில எந்திரிக்கறதுக்கு அவருக்குக் காரணமே இல்ல. நீ சின்னவ. உனக்கு வேற ஏதாவது வேலை கிடைக்கும். 'ஏதோ தவறிடுச்சு'ன்னு ஒத்துக்கிட்டுப் போயிடேன்."

"எனக்கும் காலையில எந்திரிக்கறதுக்குக் காரணம் அதுதாம்மா. நான் என்ன பொழுதுபோகாம கரி பூசிட்டு உக்காந்திருக்கேன்னு நினைச்சியா?"

"பெத்தவரு..."

"பெத்தவர்தான் என் மேல புகார் எழுதியிருக்காரு. நான் அவர் மேல எழுதல. நான் போய் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா செய்யாத தப்பை என் தலையில ஏத்திக்கவும் மாட்டேன். என் வேலை என்னன்னு மட்டும் சொல்வேன். அது போதும்."

"அவரை மாதிரியே பேசறே," என்றாள் அம்மா. திட்டா, பெருமையா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

கணவன் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். கட்டை செதுக்குகிறவனுக்குக் கோபமே வராது என்று ஊரில் சொல்வார்கள், அதில் பாதி நிஜம். "ஒண்ணு பண்ணலாமா? அவர்தான் என் கை படணும்னு சொன்னாரே. நான்தான் பொருத்தினேன், நீ இல்லாதப்போ முத்திரையை நான் எடுத்து அடிச்சிட்டேன்னு சொல்லிடறேன். போறது என் பேராப் போகட்டும். எனக்குக் கட்டை செதுக்க எந்த முத்திரையும் வேண்டாம்."

அவள் அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கரி விரலால் அவன் நெற்றியில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.

"உன்னைக் கட்டிக்கிட்டது எதுக்குன்னு இன்னைக்கு மறுபடி ஞாபகம் வந்துச்சு. ஆனா இனிமே இப்படி ஒரு வார்த்தை சொன்னே, நாளையிலேர்ந்து நீயே சமைச்சு நீயே ஊட்டிக்கணும்."

"இப்பவும் நான்தானே சமைக்கறேன்?"

"அப்போ இன்னும் மோசமான தண்டனையா யோசிக்கறேன். விளக்கையும் பூதக்கண்ணாடியையும் பையில எடுத்து வை."

*

பரிசோதனை ஆபீசில் நீளமான அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் பச்சைத் துணி, துணியின் மேல் துப்பாக்கி. மேசைக்கு அந்தப் பக்கம் பரிசோதகர், ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இந்தப் பக்கம் செக்ரட்டரி, இஸ்திரி போட்ட சட்டையில், முதுகு வளையாமல். பின்னால் சுவரோரம் சோடாபுட்டி மாமா. அவருக்குப் பக்கத்தில், யாரும் எதிர்பாராமல், அம்மா. மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா மகளைப் பார்க்கவில்லை. மகளும் அப்பாவைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த துப்பாக்கியை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

பரிசோதகர் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பிடித்து ஆட்டினார். லொடக் லொடக் என்றது.

"வீட்டுல ஆடலையே," என்றார் செக்ரட்டரி.

"முன்கட்டையை மாட்டிட்டு ஆட்டிப் பார்த்திருப்பீங்க சார். அது இறுக்கிப் பிடிச்சுக்கும். கழற்றினாத்தான் உண்மை தெரியும்." பரிசோதகர் தாளைப் புரட்டினார். "உங்க புகார் என்ன, வாயாலயும் சொல்லிடுங்க."

"புதுசா வந்தப்போ திறக்கவே முடியல. இப்போ ஆடுது. ரெண்டுமே தப்பு. பொம்பளை கையில அரத்தைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

பரிசோதகர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவரை நிதானமாகப் பார்த்தார். "நானும் பொம்பளைதான் சார். போன வருஷம் உங்க பழைய குழல் அரிச்சிருக்குன்னு கண்டுபிடிச்சதும் நான்தான்."

சுவரோரமிருந்து சோடாபுட்டி மாமா இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றத் தெரிந்த அளவுக்காவது அவருக்குப் பொய் வரும்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் பரிசோதகர்.

கரிவிரல் எழுந்தாள். பையிலிருந்து விளக்கை எடுத்து ஏற்றினாள். கொக்கியில் கரி படியவிட்டாள், குழலை மாட்டி மூடினாள், திறந்தாள். கொக்கியைப் பரிசோதகர் பக்கம் திருப்பிக் காட்டினாள். பதினோரு நாள் உழைப்பில் முழுக்கப் பளபளத்த வளைவில், இப்போது இரண்டு ஓரங்களில் மட்டும் கரி துடைபட்டிருந்தது. நடுவில் அப்படியே கறுப்பு.

"நடுவுல இரும்பு இல்ல. யாரோ எடுத்திருக்காங்க." கரியைத் துணியால் துடைத்தாள். "என் அரம் நீளவாக்குல போகும். நான் வேற மாதிரி அரம் போடறதில்ல, இந்த ஆபீஸ்ல இருக்கற எந்தத் துப்பாக்கியை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. இதுல குறுக்குவாக்குல கீறல் இருக்கு. அது அரம் இல்ல, எமரித் தாள். இப்போ பொட்டைப் பாருங்க."

பரிசோதகர் அலமாரியிலிருந்து வேலைத்தாளின் பிரதியை எடுத்தார். படத்தில் புள்ளி வட்டமாக, முழுசாக இருந்தது. பூதக்கண்ணாடியைக் கொக்கியின் மேல் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பாதிதான் இருக்கு."

"சோதனைச் சாலைக்குப் போறப்போ முழுசா இருந்தது. அவங்க குறிப்புலயும் எழுதியிருக்கு. அதுக்கப்புறம் துப்பாக்கி என் பட்டறைக்கு வரல. யார் தேய்ச்சாங்கன்னு நான் சொல்லல. நான் தேய்க்கல. அவ்வளவுதான். இதுக்கு என் முத்திரையைக் கேட்டா நான் குடுக்க மாட்டேன். இங்கேயே உக்காந்திருப்பேன். பதினோரு நாள் ஆனாலும் சரி."

பரிசோதகர் செக்ரட்டரி பக்கம் திரும்பினார். கேள்வி கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் செக்ரட்டரி கையை நீட்டினார்.

"அந்தக் கண்ணாடியைக் குடுங்க."

ஜன்னல் பக்கமாகத் துப்பாக்கியைத் திருப்பிவைத்து, பூதக்கண்ணாடி வழியே குனிந்தார். தன் மகள் செய்த வேலையை அவர் உற்றுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. புள்ளியைப் பார்த்தார். குறுக்குக் கீறலைப் பார்த்தார். கீறலின் இரு ஓரங்களிலும் மிச்சமிருந்த, கண்ணாடி மாதிரி வழுவழுப்பான, அரத்தின் தடமே தெரியாத இரும்பை அதிக நேரம் பார்த்தார்.

"எவ்வளவு ஆழம் இந்தப் புள்ளி?" பன்னிரண்டு வருஷத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"தலைமுடியில பாதி, சார்."

'சார்' என்றதும் அவர் கழுத்து லேசாக விறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்பு செய்தவர்கள் தலை குனிவார்கள் என்று எங்கோ எழுதியிருந்தால், அதை அவர் படித்ததில்லை. போட்டியில் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"நான்தான் தேய்ச்சேன். என் துப்பாக்கி. நான் தேய்ச்சேன். எழுதிக்கங்க. ஆனா நாலே நாலு தேய்ப்பு. அதுக்குப் பாதிப் புள்ளி போயிடுமா?"

"நாலா?" சுவரோரமிருந்து குரல் வந்தது. அம்மா எழுந்தே விட்டாள். "நாப்பது! ரெண்டு பக்கமும் நாப்பது. ரெண்டு வாளித் துணியும் காயப்போட்டு முடிச்சேன், நீங்க இன்னும் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்க!"

"நீ எதுக்கு எண்ணிக்கிட்டிருந்தே?"

"உங்களோட ஐம்பது வருஷம் குடித்தனம் பண்ணினா எல்லாத்தையும் எண்ணத் தோணும்!"

பரிசோதகர் பேனாவை மூடிபோட்டு வைத்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மறுபடி திரும்பியபோது முகம் ஆபீஸ் முகமாகவே இருந்தது.

"பொருத்தியவர் மேல குறை இல்ல. முத்திரை அவங்ககிட்டயே இருக்கும். உரிமையாளர் தானா ஒத்துக்கிட்டதால ரத்து பண்ணல, தொண்ணூறு நாள் நிறுத்தி வைக்கறேன். அதுக்குள்ள மறுபடி பொருத்தி, இங்கே கொண்டுவந்து தேறினா உரிமம் உண்டு. தேறலைன்னா இல்ல." நிறுத்தி, கரிவிரலைப் பார்த்தார். "செஞ்சு குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். கீல் ஊசியைத் தடிமனா புதுசா கடைஞ்சு போட்டா சரியாகும். ஆனா இந்தத் தடவை வேற ஆள் கையில குடுத்தனுப்பக் கூடாது. உரிமையாளர் தன் காலால, பட்டறை வாசல் வழியா வந்து, கொண்டுவந்தவர்ங்கற கட்டத்துல தன் பேரை எழுதணும். என் கை படும்னு தெரிஞ்சே குடுக்கணும்."

"முடியாது," என்றார் செக்ரட்டரி.

"சரி," என்றாள் அவள். விளக்கை ஊதி அணைத்தாள்.

*

எண்பத்தொன்பது நாள் காத்திருந்து கடைசி நாளில் வருவார் என்று கணவன் பந்தயம் கட்டினான். வரவே மாட்டார் என்றார் சோடாபுட்டி மாமா. இரண்டு பேரும் தோற்றார்கள். ஒன்பதாவது நாள் காலை, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் கான்வாஸ் பையோடு செக்ரட்டரி நின்றார். பேருந்துக்கு நிற்கிறவர் மாதிரி மணிக்கூண்டைப் பார்த்தார். மூன்று பேருந்து போயிற்று. பிறகு சாலையைக் கடந்து உள்ளே வந்தார்.

"பேனா," என்றார்.

எடுத்துக் கொடுத்தாள். குனிந்து, கொண்டுவந்தவர் என்ற கட்டத்தில் இடதுகையால் தன் பேரை எழுதினார். எழுதி முடித்ததும் கட்டையின் கழுத்தைத் தொட்டு, "இந்த மெழுகை எடுத்துடாதே," என்றார். "அது இருக்கட்டும்."

"அது கட்டை வேலை. அந்தப் பக்கம் சொல்லுங்க," என்று கணவன் பக்கம் கையைக் காட்டினாள்.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவன் காதில் விழும்படி மறுபடி சொன்னார்.

இந்தத் தடவை பதினாலு நாள் ஆயிற்று. ஊசி கடைந்து, கொக்கியைக் கரியோடு மறுபடி பழக்கி, புதுப் புள்ளி வைத்து, சோதனையில் தேறி வந்தது. செக்ரட்டரி வந்து திறந்தார். முனகியது. முழங்காலில் வைத்து அழுத்தித் திறந்தார்.

"இறுக்கமா இருக்கு."

"இறுக்கமாத்தான் இருக்கும்."

"எப்போ இளகும்?"

"மூவாயிரம் தடவைக்கு அப்புறம். வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். வீட்டுல தாள் இருக்கு, பால்கனி இருக்கு. இங்கே, என் கண் எதிர்ல உக்காந்து செய்யணும்."

"நான் என்ன உன் பட்டறையில கூலியாளா?"

"இல்ல. கூலியாள்னா இவ்வளவு வாய் பேச மாட்டாங்க."

அவர் எழுந்து வாசல்வரை போனார். திரும்பி வந்தார். ஜன்னலோர ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திறந்தார், மூடினார். ஒன்று. திறந்தார், மூடினார். இரண்டு. வேண்டுமென்றே உரக்க எண்ணினார், பட்டறை முழுவதற்கும் தண்டனை கொடுப்பவர் மாதிரி.

தினமும் ஒன்பது மணிக்கு வந்தார். நானூறு, ஐநூறு ஆனதும் கை வலித்துப் போவார். நாலாவது நாள், ஆயிரத்து எழுநூறைத் தாண்டியபோது, கணவன் இழைப்பதை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டான்.

"ஆயிரத்து எழுநூத்தி நாப்பது... மாப்பிள்ளை, எண்ணும்போது நடுவுல பேசாதீங்க! இப்போ எத்தனைன்னே போச்சு!"

இழைப்புளி அந்தரத்தில் நின்றது. கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் அடுத்த துப்பாக்கியின் கொக்கியை விளக்கின் மேல் காட்டிக்கொண்டிருந்தாள். சுடர் ஆடவில்லை. தலை நிமிரவில்லை.

"எத்தனைல விட்டேன்?" என்றார் அவர்.

"முதல்லேர்ந்து எண்ணுங்கப்பா," என்றாள்.